மாலத்தீவில் வாட்டர் வில்லா: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாட்டர் வில்லா என்று தேடினால் வருகிற படங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நீலக் கடலில் கால் ஊன்றி வரிசையாக நிற்கும் கூரைவீடுகள், அவற்றை இணைக்கும் ஒரு நீண்ட மரப்பாலம். படத்தை மட்டும் பார்த்தால் அங்கே இருக்கும் 170-க்கும் மேற்பட்ட ரிசார்ட்டுகளில் எதை எடுத்தாலும் சரிதான் என்று தோன்றும். கட்டில், குளியல்தொட்டி, தரையில் பதித்த கண்ணாடி இவையெல்லாம் எங்கும் கிடைத்துவிடும். நீங்கள் காசு கொடுப்பது அந்த வீட்டுக்கு அடியிலும் சுற்றிலும் இருக்கிற கடலுக்கு. அந்தக் கடல் தீவுக்குத் தீவு வேறு. ஒரே தீவிலும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதனால் வில்லாவைப் பார்க்கும் முன் கடலைப் பாருங்கள்.

தண்ணீரின் மேல் தங்கும் விடுதி கட்டும் வழக்கம் 1960-களில் பிரெஞ்சுப் பாலினேசியாவில் தொடங்கியது. ஆனால் நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது மாலத்தீவுதான். கொழும்பிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். அட்டோல் எனப்படும் 26 பவள வளையங்களில் சிதறிக் கிடக்கும் 1,190 தீவுகளில் ஊர் இருப்பவை 200-க்குள்தான். 1972-ல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் அங்கே பரவலான முறை. அப்படியென்றால் நீங்கள் தங்கும் தீவில் வேறு ஹோட்டல் கிடையாது, பெட்டிக்கடை கிடையாது, வெளியே நடந்துபோய் ஒரு டீ குடிக்க முடியாது. இங்கே எடுக்கிற முடிவை அங்கே போய் மாற்றுவது கடினம். ஆகவே வேலையில் பாதிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியதுதான்.

முதலில் மாதம்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். வானம் தெளிவாக இருக்கும், கடல் அடங்கியிருக்கும், விலை ஏறியிருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழையும் காற்றும் உண்டு, விலை நன்றாக இறங்கும். மழை என்றால் நாள் முழுக்கக் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்துவிட்டு வெயில் வந்துவிடும். ஆனால் மூன்று நான்கு நாள் தொடர்ந்து மூட்டமும் காற்றுமாக இருப்பதும் நடக்கும். நான்கு இரவு மட்டும் போகிறவர் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மான்ட்டா திருக்கைகளைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை என்றால் மழைக்காலம்தான் ஏற்றது. ஜூன் முதல் நவம்பர் வரை பா அட்டோலில் இருக்கும் ஹனிஃபாரு விரிகுடாவில் மிதவை உயிரிகள் குவியும். அவற்றைத் தின்ன மான்ட்டாக்கள் கூட்டமாக வரும். பா அட்டோல் 2011-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஹனிஃபாருவில் ஸ்கூபா டைவிங் அனுமதி இல்லை, ஸ்நார்க்கெலிங் (கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மேற்பரப்பில் நீந்திப் பார்ப்பது) மட்டும்தான். அது புதியவர்களுக்கு வசதியான செய்தி. திமிங்கலச் சுறாவுக்கு அப்படி மாதக் கணக்கு இல்லை. தெற்கு ஆரி அட்டோல் பக்கம் ஆண்டு முழுவதும் பார்க்க வாய்ப்பு உண்டு.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். வாடகை பல மடங்கு ஏறுவது ஒருபுறம். டிசம்பர் 24, 31 இரவு விருந்துகளுக்குக் கட்டாயக் கட்டணம் வசூலிக்கும் ரிசார்ட்டுகளும் நிறைய.

தீவைத் தேர்ந்தெடுப்பது

ரிசார்ட்டின் பெயரைக் கைபேசி மேப்பில் போட்டு, சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்குங்கள். நான் யாருக்கு யோசனை சொன்னாலும் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். தீவைச் சுற்றி மூன்று நிறங்கள் தெரியும். வெளிர் பச்சைநீலமாக இருப்பது அடியில் மணல் படிந்த, ஆழமில்லாத லகூன். பழுப்பும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருப்பது பவளப்பாறை. அதைத் தாண்டித் திடீரென்று கருநீலமாக மாறும் கோடுதான் பாறையின் விளிம்பு. அங்கிருந்து கடல் செங்குத்தாக இறங்கும். மீன்கள், ஆமைகள், திருக்கைகள் எல்லாம் அந்த விளிம்பை ஒட்டித்தான் நடமாடும்.

இப்போது வில்லா வரிசை எந்த நிறத்தின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். வெளிர் நீலத்தின் நடுவே நின்றால் தண்ணீர் இடுப்பளவு, மார்பளவு இருக்கும், மணலில் நடக்கலாம், படம் அழகாக வரும். ஆனால் படியிறங்கினால் பார்க்க மீன் அதிகம் இருக்காது. கருநீலக் கோட்டை ஒட்டி நின்றால் உங்கள் படிக்கட்டிலிருந்தே பவளப்பாறைக்கு நீந்திப் போகலாம். ஆனால் ஆழம் வரும், நீரோட்டம் வரும். இரண்டும் நல்லதுதான். நீச்சல் தெரியாத பெற்றோரோடு போகிறவருக்கு முதலாவது. கண்ணாடி மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரில் கிடக்க நினைப்பவருக்கு இரண்டாவது.

தீவை ஒட்டிய பாறையை ‘ஹவுஸ் ரீஃப்’ என்பார்கள். அது நன்றாக இருக்கிறதா என்பதை ரிசார்ட்டின் விளம்பரப் படத்தில் தேடாதீர்கள். தங்கிவிட்டு வந்தவர்கள் கடந்த ஓராண்டுக்குள் எடுத்துப் போட்ட தண்ணீருக்கடி வீடியோக்களைத் தேடுங்கள். 1998-லும் 2016-லும் கடல் சூடேறி மாலத்தீவின் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துச் செத்தன; 2024-லும் வெளுப்பு வந்தது. சில தீவுகளில் மீண்டும் நன்றாக வளர்ந்திருக்கிறது, சில இடங்களில் சாம்பல் நிறக் கற்குவியல்தான் மிச்சம். பத்தாண்டுக்கு முந்தைய பாராட்டை நம்பி இன்று பணம் கட்டக் கூடாது. ரிசார்ட்டுக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு, “ஹவுஸ் ரீஃபுக்குக் கரையிலிருந்து நீந்திப் போக முடியுமா, படகில்தான் போக வேண்டுமா? நீர் வற்றும்போது வில்லாப் படிக்கட்டருகே ஆழம் எவ்வளவு?” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் நல்ல அறிகுறி.

எப்படிப் போய்ச் சேர்வது

தலைநகர் மாலேயின் வெலானா விமான நிலையமே ஒரு தனித் தீவில் இருக்கிறது. அங்கிருந்து ரிசார்ட்டுக்குப் போக மூன்று வழிகள்.

வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டோல்கள் என்றால் ஸ்பீட்போட். 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். போகவர ஆளுக்குப் பொதுவாக 100 முதல் 250 டாலர். இரவிலும் ஓடும். காற்றுக் காலத்தில் தூக்கிப் போடும். வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் மாத்திரையை அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு படகின் பின்பக்கம் உட்கார வேண்டும்.

பா, நூனு, லவியானி, தாலு போன்ற தொலைவு அட்டோல்களுக்கு சீப்ளேன், அதாவது தண்ணீரில் இறங்கி ஏறும் விமானம். கட்டணம் போகவர ஆளுக்கு 400 டாலருக்குக் குறைவதில்லை, 600-க்கு மேலும் போகும். ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானம், 15 பேர் அளவில் உட்காரலாம். விமானி வெறுங்காலோடு உட்கார்ந்து ஓட்டுவதைப் பார்க்கலாம். தாழப் பறப்பதால் பவள வளையங்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். மாலத்தீவு என்றால் என்ன என்று அந்த ஜன்னல் வழியாகத்தான் முழுதாகப் புரியும் என்பேன். ஆனால் நிபந்தனைகள் உண்டு. சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலேயில் பிற்பகல் மூன்றரைக்குள் இறங்காவிட்டால் அன்று தீவுக்குப் போக முடியாமல் போகலாம். மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு கூடுதல் செலவு. பெட்டி பொதுவாக 20 கிலோ, கைப்பை 5 கிலோ. அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். புறப்படும் நேரமும் முந்தைய நாள்தான் தெரியவரும், ஏனென்றால் பல ரிசார்ட் பயணிகளைச் சேர்த்து ஒரே விமானத்தில் ஏற்றி, வழியில் ஒவ்வொரு தீவாக இறக்கிவிட்டுப் போவார்கள்.

இன்னும் தூரமான தெற்கு அட்டோல்களுக்கு உள்நாட்டு விமானம், அப்புறம் ஸ்பீட்போட். நேரம் பிடிக்கும், ஆனால் இரவிலும் போகலாம்.

ஒழுங்கு இதுதான்: முதலில் தீவு, அடுத்து அந்தத் தீவுக்குப் பொருந்தும் நேரத்தில் வந்திறங்கும் விமான டிக்கெட். மலிவாகக் கிடைத்ததே என்று டிக்கெட்டை முதலில் போட்டால், மாலை ஆறு மணிக்கு மாலேயில் இறங்கி சீப்ளேன் இல்லாமல் நிற்க வேண்டி வரும்.

கணக்கு

ரிசார்ட் தளத்தில் தெரியும் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை. சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதற்கும் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம். 2025 ஜூலை 1 முதல் இந்த விகிதம். இது போக பசுமை வரி என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மட்டும் அது கிடையாது.

ஓர் இரவு 500 டாலர் என்று போட்டிருக்கும் வில்லாவில் இருவர் 4 இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம். 500-உடன் 10 சதவீதம் சேர்ந்தால் 550. அதில் 17 சதவீதம் ஏறினால் 643.50. நான்கு இரவுக்கு 2,574. பசுமை வரி 96. சீப்ளேன் வரியோடு ஆளுக்கு 500 என்றால் 1,000. மொத்தம் 3,670 டாலர். நீங்கள் மனதில் வைத்திருந்தது 2,000. இன்னும் சாப்பாடு வரவில்லை.

இதே கணக்கை ஸ்பீட்போட் தீவுக்கு, ஆளுக்கு 150 டாலர் வைத்துப் போட்டால் 2,970. மிச்சமாகும் 700 டாலரில் அதே வில்லாவில் இன்னும் ஓர் இரவு தங்கலாம். குறைந்த நாள் போகிறவர்களுக்கு நான் ஸ்பீட்போட் தீவைத்தான் சொல்வேன். ஐந்து இரவுக்கு மேல் தங்குவீர்கள், தூரக் கடல் வேண்டும் என்றால் சீப்ளேன் செலவு நியாயப்படும். எந்த இரண்டு ரிசார்ட்டுகளை ஒப்பிட்டாலும் இந்த முழுத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

மாலேயிலிருந்து கிளம்பும்போது வெளிநாட்டவர் கட்ட வேண்டிய புறப்பாட்டு வரியும் விமான நிலைய வளர்ச்சிக் கட்டணமும் எகானமி வகுப்புக்கு தலா 50, மொத்தம் 100 டாலர். அது விமான டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கும். டிக்கெட் ஏன் இவ்வளவு என்று யோசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

செலவைக் குறைக்க நல்ல வழி ஒன்று உண்டு. தங்கும் நாள் முழுவதையும் தண்ணீர்மேல் கழிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு இரவு கரையோர வில்லா, கடைசி இரண்டு இரவு வாட்டர் வில்லா என்று பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலான ரிசார்ட்டுகள் ஒத்துக்கொள்ளும். கரையில் மர நிழல், மணல், பறவைகள். தண்ணீர்மேல் திறந்த கடல். இரண்டையும் பார்த்த மாதிரியும் ஆகும். முதலில் கரை, பிறகு கடல் என்ற வரிசையில் வையுங்கள். அதைத் தலைகீழாக்கினால் கரை வில்லா சற்று மங்கலாகத் தெரியும்.

எந்த வில்லா கேட்பது

சூரியன் மறைவது தெரியும் மேற்குப் பக்க வில்லாவுக்கு விலை அதிகம். ஆனால் மே முதல் அக்டோபர் வரை காற்று மேற்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் அலை மோதும், மரத்தளத்தில் உட்கார்ந்தால் உப்புத் தூறல் அடிக்கும். அந்த மாதங்களில் கிழக்குப் பக்க வில்லாவை எடுத்தால் காசும் மிச்சம், தண்ணீரும் அமைதி. ஜனவரி, பிப்ரவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும் என்பதால் மேற்கு நல்லது.

பாலத்தின் கடைக்கோடி வில்லாவில் தனிமை கிடைக்கும். சாப்பாட்டுக்கூடத்துக்கு ஒவ்வொரு வேளையும் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டியும் வரும். பேட்டரி வண்டி கூப்பிட்டால் வரும் என்றாலும் மூட்டுவலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் கரைக்குப் பக்கத்து வில்லாவைக் கேட்பதே நல்லது.

குழந்தைகள் விஷயம் முக்கியம். பல வாட்டர் வில்லாக்களின் மரத்தளத்துக்குக் கைப்பிடி வேலி கிடையாது, நேராகக் கடல். அதனால் பல ரிசார்ட்டுகள் 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வாட்டர் வில்லாவில் அனுமதிப்பதில்லை. சில இடங்களில் பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விடுவார்கள். கையெழுத்துப் போட்டால் போதும் என்று இதை விட்டுவிடக் கூடாது. தவழும், ஓடும் வயதில் பிள்ளை இருந்தால் கரை வில்லாதான். அந்த வயதுப் பிள்ளையோடு வேலியில்லாத தளத்தில் ஒரு நிமிடம்கூட நிம்மதியாக உட்கார முடியாது.

சாப்பாடு

தீவில் வேறு கடை இல்லை என்பதால் சாப்பாட்டுத் திட்டத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். காலை உணவு மட்டும் சேர்த்து எடுத்தால் மதியமும் இரவும் ரிசார்ட் விலையில் சாப்பிட வேண்டும். இருவர் ஒரு வேளைக்கு 100 டாலர் தாண்டுவது சாதாரணம். மது குடிக்காத குடும்பத்துக்கு மூன்று வேளையும் சேர்ந்த ஃபுல் போர்டு சரியாக வரும். ஹாஃப் போர்டு என்பது காலையும் இரவும். காலை உணவைப் பத்து மணிக்குச் சாவகாசமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவே போதும். ஆல் இன்க்ளூசிவ் என்றால் பானங்களும் சேரும், ஆனால் எந்தெந்த உணவகம், எந்தெந்தப் பானம் என்று பட்டியல் வாங்கிப் பாருங்கள். ஃபுல் போர்டிலும் குடிதண்ணீருக்கு மேசையில் தனியாக பில் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் புக் செய்யும்போதே எழுதிவிடுங்கள். இந்தியச் சமையல்காரர்கள் பல ரிசார்ட்டுகளில் இருக்கிறார்கள், முன்கூட்டித் தெரிந்தால் பருப்பும் சப்பாத்தியும் செய்து தருவார்கள். அசைவம் என்றால் ஒரு காலையாவது மஸ் ஹுனி சாப்பிடுங்கள்: உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், நறுக்கிய வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் கையால் பிசைந்து, ரோஷி என்ற மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். ஊழியர்களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் பலர். தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

காகிதமும் பெட்டியும்

ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் இறங்கியதும் 30 நாள் இலவச விசா. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 90 நாள் வரை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட உறுதிச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லும்படி இருந்தால் கேள்வியே வராது. பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது இலவசம்; பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

மாலத்தீவு இஸ்லாமிய நாடு. மது, பன்றி இறைச்சிப் பொருட்கள், ஆபாசப் பொருட்கள், வழிபாட்டுச் சிலைகள் கொண்டுவரத் தடை. எப்போதும் பையில் குட்டிப் பிள்ளையார் வைத்திருப்பவர்கள் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. டூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலைச் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். ரிசார்ட்டுக்குள் மது கிடைக்கும், ஊர் இருக்கும் தீவுகளில் கிடையாது. இ-சிகரெட் கொண்டுவர 2024 நவம்பர் முதல் தடை, வைத்திருக்கவும் பயன்படுத்தவும் அதே ஆண்டு டிசம்பர் முதல் தடை; சுற்றுலாப் பயணிக்கும் விலக்கு இல்லை. ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும்.

பெட்டியில் துணியைக் குறையுங்கள், இவற்றைச் சேருங்கள்: முழுக்கைக் குளியல் சட்டை (முதுகு வெந்துபோகாமல் காப்பாற்றுவது இதுதான்), பவளத்துக்குத் தீங்கு செய்யாத சன்ஸ்க்ரீன், ரப்பர் காலணி, கடல் மயக்க மாத்திரை, காது சொட்டு மருந்து, தண்ணீர் புகாத கைபேசி உறை. தீவில் இவை கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள் கொஞ்சம் வேண்டும், பெட்டி தூக்குபவருக்கும் அறை பார்த்துக்கொள்பவருக்கும் கொடுக்க. உள்ளூர் ருஃபியா ரிசார்ட்டில் தேவைப்படாது. எல்லாம் டாலரில், கிளம்பும்போது மொத்தமாக பில். வங்கி அட்டையை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டீர்களா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். தீவிலிருந்து மருத்துவமனைக்குப் போவதே படகிலோ விமானத்திலோதான்.

இறங்கியதும்

வெளியே வந்தால் ரிசார்ட் பெயர்ப்பலகையோடு ஆள் நிற்பார். ஸ்பீட்போட் என்றால் சில அடி நடந்ததும் படகுத்துறை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மாலே நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு அரை மணி பின்னால். ஆனால் பல ரிசார்ட்டுகள் பகல் வெளிச்சத்தை நீட்டிக்கத் தங்களுக்கென்று ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளும். திரும்பும் படகு சொல்லும் நேரம் எந்த நேரம் என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

வில்லாவுக்குப் போனதும் முதல் வேலை படம் எடுப்பதல்ல. மரத்தளத்தில் நின்று படிக்கட்டைப் பாருங்கள். கடைசி இரண்டு மூன்று படிகளில் பாசி படிந்திருக்கும். கைப்பிடியைப் பிடித்தபடி, முகம் படியைப் பார்க்க, ஏணியில் இறங்குவதுபோல இறங்க வேண்டும். நீர் வற்றியிருக்கும்போது கடைசிப் படிக்கும் மணலுக்கும் இடையே இடைவெளி விழும். தெரியாமல் குதித்தால் கணுக்கால் பிசகும். அடியில் கடல்முள்ளி இருக்கிறதா என்று கண்ணாடி போட்டு ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குங்கள். லைஃப் ஜாக்கெட் அலமாரியில் இருக்கும். இல்லாவிட்டால் வரவேற்பில் கேட்டு அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தில் துண்டு, நீச்சலுடை எதையும் கட்டாமல் காயப்போடாதீர்கள். இரவுக் காற்று எடுத்துக்கொண்டு போய்க் கடலில் போட்டுவிடும். அது பவளத்தில் சுற்றிக்கொண்டால் அதைச் சாகடிக்கும். பிளாஸ்டிக் உறைகளும் அப்படித்தான். வில்லாவிலிருந்து தூண்டில் போடுவதும் மீனுக்கு ரொட்டி போடுவதும் பெரும்பாலான ரிசார்ட்டுகளில் கூடாது.

முதல் இரவு சிலருக்குத் தூக்கம் பிடிக்காது. தரைக்கு அடியில் தண்ணீர் தூணில் மோதும் சத்தம், மரம் முனகும் சத்தம், அவ்வப்போது மீன் துள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் பழகிவிடும். படிக்கட்டு விளக்கைப் போட்டு வைத்து அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்காருங்கள். வெளிச்சத்துக்குச் சிறு மீன் கூடும், அதைத் தேடிப் பெரியது வரும். முழங்கை நீளமுள்ள குட்டிச் சுறாக்கள் முதுகுத்துடுப்பின் கருநுனி தெரிய வட்டமடிக்கும்; திருக்கை ஒன்று மணலோடு மணலாக வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தக் கருநுனிச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவை. மாலத்தீவு 2010-ல் சுறா பிடிப்பதை முற்றிலும் தடை செய்தது. இவ்வளவு சுறாக்களை வீட்டு வாசலில் பார்க்க முடிவதில் அந்தத் தடைக்குப் பெரிய பங்கு உண்டு.

தண்ணீருக்குள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இந்தப் பகுதியைச் சொல்வேன். மாலத்தீவில் சுற்றுலாப் பயணிகள் ஸ்நார்க்கெலிங் செய்யும்போது இறப்பது நடக்கிறது. நீச்சல் தெரியாதவர்கள் மட்டும் அல்ல, தெரிந்தவர்களும்.

முதல் நாளே டைவ் சென்டருக்குப் போங்கள். இன்று நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். முதல்முறை என்றால் அவர்கள் ஒருவரை உடன் அனுப்பி லகூனில் பழக்குவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் முதலில் நீந்துங்கள், திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவரும். மாற்றிச் செய்தால் களைத்த கையோடு எதிர்நீச்சல் போட வேண்டி வரும். சாப்பிட்டதும், மது குடித்த பிறகும் வேண்டாம். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு, நின்றால் கால் தரையில் படும் இடத்தில் முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்த்தாலே போதும். பாதிக் கடலைப் பார்த்துவிடலாம்.

கண்ணாடியில் ஆவி படிந்தால் உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவினால் போதும். மீசை அடர்த்தியாக இருந்தால் மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியும். கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள், பிடிக்காதீர்கள். அது உயிர், கைப்பட்ட இடம் செத்துப்போகலாம், உங்கள் கையும் கிழியும். ஒரு மீனுக்கு மட்டும் மரியாதையாக வழிவிடுங்கள்: டைட்டன் ட்ரிகர்ஃபிஷ். நம் மீனவர்கள் கிளாத்தி என்று சொல்லும் இனம், முக்கால் மீட்டர் வரை வளரும், பல் வெளியே தெரியும். முட்டையிட்டுக் காவல் காக்கும் காலத்தில் கூட்டுக்கு மேலே, மேற்பரப்பு வரை, கூம்பு வடிவில் விரியும் இடம் முழுவதையும் தன்னுடையதாக நினைக்கும். துரத்தினால் மேலே எழும்பாதீர்கள். பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள், அதைப் பார்த்தபடி, துடுப்புக் காலணியை அதற்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு.

கிளம்பும்போது

ஸ்கூபா செய்தவர்கள் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். பலமுறை டைவ் செய்திருந்தால் 24. சீப்ளேனும் விமானம்தான், அந்தப் புறப்பாட்டிலிருந்து கணக்கிடுங்கள்.

பில்லை முந்தைய இரவே கேட்டு வாங்கி வரிவரியாகப் பாருங்கள். திட்டத்தில் சேர்ந்த சாப்பாடு தனியாக ஏறியிருப்பது, இருவர் போன படகுக்கு மூவர் கணக்கு, இப்படி ஏதாவது இருந்தால் அப்போதே சரிசெய்வது எளிது. படகுத்துறையில் நின்று பேச முடியாது. அறையை நண்பகலில் காலி செய்து, விமானம் இரவில் என்றால், குளித்து உடை மாற்றப் பொது அறை கேளுங்கள், பெரும்பாலும் உண்டு.

கரையில் கிடைத்த சிப்பி, பவளத் துண்டு எதையும் பெட்டியில் போடாதீர்கள். பவளத்தை நாட்டைவிட்டு எடுத்துப்போகத் தடை உண்டு, ஸ்கேனரில் தெரிந்துவிடும். பிள்ளைகளின் பையையும் ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள். துறவி நண்டு உள்ளே இருக்கும் சங்கை அவர்கள் எடுத்து வைத்திருப்பார்கள். புறப்பாட்டுக்கும் இமுகா படிவம் உண்டு, அதை ரிசார்ட் வைஃபையில் முந்தைய நாளே நிரப்பிவிடுங்கள். சுங்கத்தில் பாட்டில் கொடுத்திருந்தால் அந்த ரசீதைக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டு, விமான நிலையத்துக்கு அரை மணி நேரம் முன்கூட்டியே போய்ச் சேரும்படி படகைக் கேளுங்கள்.